டிரவுட் குஞ்சுகளை விடுமுன் ஓடையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற மாதம் வெளியான, நீலகிரி டிரவுட் மீன்களைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரு காலத்தில் தூண்டில்காரர்களைக் கடல் கடந்தும் வரவழைத்த மீன் இன்று அருகிவிட்டதென்றும், பண்ணையில் பொரிக்கும் குஞ்சுகளை மேல்மலை ஓடைகள் அனைத்திலும் தாராளமாக விட்டுத் தூண்டில் சுற்றுலாவை மீட்டெடுக்க வேண்டுமென்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவருடைய ஏக்கம் எனக்கும் உண்டு. ஆயினும் அவர் சொல்லும் மருந்து நோயைக் கூட்டிவிடும் என்று அஞ்சுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் குந்தா நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்தவரின் மகன். மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்து, மஞ்சூர் வட்டாரத்துப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். என் தந்தை முறையாக உரிமச் சீட்டு வாங்கி விடுமுறை நாள்களில் எமரால்டு பக்கம் தூண்டில் போடப் போவார். எனக்குப் பதினொரு வயதானபோது என்னையும் அழைத்துச் சென்றார். முதல் நாள் என் கையில் கோலைத் தரவில்லை. ஓடையில் ஒரு கல்லைப் புரட்டச் சொல்லி, அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த புழுக்களையும், மணல் துகள்களால் தனக்குத் தானே கூடு கட்டிக்கொண்ட ஒரு சிறு பூச்சியையும் காட்டி, "இது இருந்தால் மீன் இருக்கும், இது போய்விட்டால் நாம் கோலைக் கட்டி வைத்துவிடலாம்" என்றார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குத் தெரிந்த மீன் சாத்திரம் பெரும்பாலும் அதுதான்.

கட்டுரையில் டிரவுட் நீலகிரியின் பூர்வீக மீன் என்பதுபோல் ஒரு வரி வந்திருந்தது. அது பிழை. இங்கு வாழும் ரெயின்போ டிரவுட் என்ற வகையின் தாயகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளும் ரஷ்யாவின் கம்சாட்கா பகுதியும் ஆகும். இங்கு வந்து குடியேறிய ஆங்கிலேயர், தங்கள் ஊரை நினைவூட்டிய குளிரையும் பனியையும் கண்டபின், ஓடையில் தங்கள் ஊர் மீன் மட்டும் இல்லையே என்று குறைப்பட்டனர். இந்திய மீன்களைப் பற்றிய பெரும் நூலை எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே 1860-களில் டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். கப்பல் பயணத்தின் வெப்பத்தில் மீன் முட்டையை உயிரோடு காப்பது அன்று எளிதன்று. டிரவுட் வருவதற்கு முன்பே, 1879-இல், நீலகிரிக்கென்று வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் தனிச் சட்டம் ஒன்றைச் சென்னை மாகாண அரசு இயற்றிவிட்டது என்பது இங்கே நினைக்கத்தக்கது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான் எச். சி. வில்சன் என்ற மீன்வள வல்லுநரின் முயற்சி பலித்தது. 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. இங்கிலாந்து ஓடைகளுக்கு உரிய பழுப்பு டிரவுட்டைவிட ரெயின்போ டிரவுட் சற்றுக் கூடுதலான வெப்பத்தைத் தாங்கும் என்பதால் இந்த வெப்பமண்டல மலையில் அதுவே நிலைத்தது. ஆக, இது நூற்றுச் சில்லறை ஆண்டுகளாக நம்மோடு இருக்கும் விருந்தாளி. மேல்மலையில் நெடுங்காலமாக வாழும் தோடர்கள் மரபாகவே மரக்கறி உண்பவர்கள். அவர்கள் யாரும் இந்த மீன் வேண்டுமென்று கேட்கவில்லை.

ஈத் தூண்டிலைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதிய பகுதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனினும் தங்கள் வாசகர்களில் பலர் அதைக் கண்டிருக்க மாட்டார்கள் என்பதால் சில வார்த்தைகள் சேர்க்கிறேன். நம் ஊர்க் குளத்தில் தூண்டில் போடுகிறவர் மண்புழுவைக் கோத்து, தக்கையையும் ஈயக் குண்டையும் கட்டி வீசுகிறார். குண்டின் கனம் தூண்டில் நரம்பை இழுத்துச் செல்கிறது. ஈத் தூண்டிலில் நிலைமை தலைகீழ். முள்ளில் இரையே கிடையாது. இறகையும் மயிரையும் நூலால் முள்ளின் மேல் சுற்றி ஒரு பூச்சியைப் போலச் செய்திருப்பார்கள். அதற்குக் கனமே இருக்காது. கனம் முழுவதும் தடித்த நரம்பில் இருக்கிறது; கோலைப் பின்னும் முன்னும் வீசும்போது அந்த நரம்புதான் காற்றில் சுருள் அவிழ்ந்து போய்ப் பொய் ஈயை நீரின் மேல் மெல்ல வைக்கிறது. அந்த நேரத்தில் ஓடையில் எந்தப் பூச்சி சிறகு முளைத்து மேலே வருகிறதோ அதைப் போன்ற ஈயை முடிந்து போட்டால்தான் மீன் ஏமாறும். ஆகவே நல்ல தூண்டில்காரர் மீனைவிடப் பூச்சியையே அதிகம் படிக்கிறார். இடையில் ஒரு செய்தி: நம் மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகுப் பொட்டு வைத்ததுபோல் ஒரு மினுக்கம் உண்டு. அந்த இறகு இங்கிலாந்தில் சால்மன் தூண்டிலுக்கு ஈ முடிவதற்காக வெகுவாக விரும்பி வாங்கப்பட்டது. அவர்கள் விரும்பிய மீன் நம் ஓடைக்கு வருமுன்பே நம்முடைய கோழி அவர்களுடைய தூண்டிலுக்குப் போய்விட்டது. இன்று அப்பறவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது.

இனிக் கடிதத்தின் சாரத்திற்கு வருகிறேன். டிரவுட் ஏன் அருகியது என்ற கேள்வியைக் கட்டுரை கேட்கவே இல்லை. குஞ்சு விடாததால் குறைந்தது, விட்டால் பெருகும் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. டிரவுட்டுக்கு வேண்டியவை மூன்று: குளிர்ந்த நீர், அந்நீரில் நிறைந்த ஆக்சிஜன், முட்டையிடத் தூய கூழாங்கல் படுகை. முதல் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. 10 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 25 பாகையில் அது 8 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். வெப்பம் ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும் நேரத்தில் நீரில் மூச்சுக் குறைகிறது. நீர் 20 பாகையைத் தாண்டினால் டிரவுட் இரையெடுப்பதைக் குறைத்து ஒதுங்கும். 25 பாகையை ஒட்டினால் சாகத் தொடங்கும். மூன்றாவது தேவை எளிதில் கண்ணுக்குத் தெரியாதது. பெட்டை மீன் வாலால் கூழாங்கல்லைக் கிளறிப் பள்ளம் பறித்து முட்டையிட்டு மூடிவிடும். 10 பாகைக் குளிரில் அம்முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் கற்களின் இடுக்கு வழியே நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மழையில் சரிவிலிருந்து இறங்கும் சேறு அந்த இடுக்குகளை அடைத்துவிட்டால் ஆயிரம் முட்டைகளும் மூச்சுமுட்டி அழியும். மேலே நின்று பார்ப்பவருக்கு ஓடை வழக்கம்போல் அழகாகவே தெரியும்.

சேறு எங்கிருந்து வருகிறது என்பதை நீலகிரியில் வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிடச் செங்குத்துச் சரிவுகள் ஓடையின் விளிம்பு வரை கொத்தப்படுகின்றன. கேரட் கழுவும் இடங்களிலிருந்து செம்மண் கரைசல் நேரே ஓடைக்கு இறங்குவதை நானே பல முறை பார்த்திருக்கிறேன். சாலையை அகலப்படுத்தும்போது வெட்டிய மண் பள்ளத்தில் தள்ளப்படுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதைத் தங்கள் நாளிதழே முதல் பக்கத்தில் வெளியிட்டது. அத்தகைய மழையைச் சோலைக்காடும் புல்வெளியும் மூடிய சரிவு ஓரளவு தாங்கும். கொத்திவிட்ட சரிவு தாங்காது. சோலையும் புல்வெளியும் அவற்றுக்கிடையே உள்ள சதுப்பும் சேர்ந்து பருவமழையை உறிஞ்சி வைத்து, மார்ச், ஏப்ரல் வரை சொட்டுச் சொட்டாக விடுகின்றன. கோடையில் ஓடை குளிர்ச்சியாக ஓடுவதும் அதனாலேயே. அந்தப் புல்வெளியைப் பாழ்நிலம் என்று எண்ணி அதில் வாட்டில் என்ற அயல் மரமான சீகையையும் யூகலிப்டஸ் என்ற கற்பூர மரத்தையும் நட்டது நாம் செய்த பெரும் பிழை. குஞ்சை எத்தனை டிரம் கொண்டுபோய்க் கொட்டினாலும் கோடையில் வற்றிச் சூடேறும் ஓடையில் அது எத்தனை நாள் இருக்கும்?

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டியாக வேண்டும். அயல் தாவரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்பதற்கென்று தமிழக அரசு 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. சீகையை வெட்டச் சொல்லும் நாமே, அதே சரிவில் ஓடும் ஓடையில் அயல் மீனை விடச் சொல்வது எப்படிப் பொருந்தும்? உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று வெளியான பட்டியலில் ரெயின்போ டிரவுட்டும் இருக்கிறது. நான் நேசிக்கும் மீனைப் பற்றி இப்படி எழுதுவது எனக்கு இனிப்பாக இல்லை. ஆனால் மேற்கு அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் நடந்தது நமக்குப் பாடமாக இருக்கிறது. அங்குள்ள உயர்ந்த ஏரிகளில் பெரும்பாலானவற்றில் இயற்கையாக மீன்களே கிடையாது. தூண்டில் விளையாட்டுக்காக ஆண்டுக்கணக்கில் டிரவுட்டை விட்டதில், அந்த ஏரிகளை நம்பி வாழ்ந்த மஞ்சள் கால் தவளைகள் ஏரி ஏரியாக மறைந்தன. பின்னர் சில ஏரிகளிலிருந்து வலைபோட்டு டிரவுட்டை முழுவதும் எடுத்துவிட்டபோது, தவளைகள் அங்கே மீண்டும் பெருகின. நீலகிரி மேல்மலையிலும் பெரிய மீன்கள் அரிது. கல்லில் ஒட்டி வாழும் சிறு மீன்களும், ஓடை நண்டுகளும், உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகளும்தான் அந்த நீரின் பழைய குடிகள். அவற்றின் மேல் இரைதின்னும் ஒரு மீனை ஏவுவதற்கு முன் நாலு முறை யோசிக்க வேண்டும். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் உள்ள ஓடைகளில் குஞ்சு விடும் பேச்சே எழக் கூடாது.

நல்லெண்ணத்தோடு குஞ்சு விட்டுக் கெடுத்த கதை நம் காவிரியிலேயே இருக்கிறது. 50 கிலோவுக்கு மேலும் வளர்ந்த கூன்முதுகு மகாசீர் என்ற ஆற்று மீன் காவிரிப் படுகைக்கு மட்டுமே உரியது. அதைத் தூண்டிலில் பிடித்து மீண்டும் ஆற்றிலேயே விடும் முகாம்கள் கர்நாடகப் பகுதியில் பல ஆண்டுகள் நடந்தன. ஆற்றில் மகாசீர் குறைந்துவிட்டதே என்று, மகாராஷ்டிரப் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மகாசீரின் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். விளைவு என்னவென்று எவருக்கும் உடனே தெரியவில்லை. அம்முகாம்களில் ஒன்றான காலிபோரில் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த பிடிப்புக் குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது: ஆற்றில் மொத்த மகாசீர் எண்ணிக்கை கூடியிருந்தது, கூன்முதுகு மீனோ சரிந்துகொண்டே போயிருந்தது. வந்த மீன் பெருகப் பெருக இருந்த மீன் குறைந்தது. அதைவிட விந்தை, அத்தனை பெரிய மீனுக்கு 2018 வரை தெளிவான அறிவியல் பெயர்கூட இல்லை. அவ்வாண்டில்தான் அது டோர் ரெமாதேவி என்று உறுதியானது; அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. அது எஞ்சியுள்ள மிகச் சில இடங்களில் ஒன்று, நீலகிரியின் வடக்கு அடிவாரத்தில் ஓடும் மாயாறு. தமிழகத்தில் மீனுக்காகவும் ஆற்றுக்காகவும் செலவிட ஒரு ரூபாய் இருந்தால் அதை முதலில் மாயாற்றுக்குத்தான் கொடுப்பேன்.

அப்படியானால் டிரவுட்டையும் தூண்டிலையும் ஒழித்துவிட வேண்டுமா என்று கட்டுரையாளர் கேட்கலாம். அது என் கருத்தன்று. ஏற்கெனவே டிரவுட் வாழும் நீர்த்தேக்கங்களும், அவற்றை ஒட்டிய, பாதுகாக்கப்பட்ட வனத்துக்கு வெளியே உள்ள ஓடைத் துண்டுகளும் இருக்கின்றன. அவலாஞ்சிப் பண்ணை ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது. அதைப் பேணுவதில் எனக்கு மகிழ்ச்சியே. புதிய ஓடை எதையும் சேர்க்காமல், இருக்கும் இடங்களில் மட்டும், எண்ணிக்கை குறித்து உரிமம் கொடுத்து ஈத் தூண்டிலை அனுமதிக்கலாம். கிடைக்கும் கட்டணம் பொதுக் கணக்கில் கரையாமல் அந்த ஓடையின் கரையைச் சீராக்கவே செலவாக வேண்டும்: சரிவின் விளிம்பில் பத்து மீட்டருக்காவது கொத்தாமல் விட ஒப்புக்கொள்ளும் விவசாயிக்கு ஈடு, சீகையை வெட்டிய இடத்தில் மண் இறங்காமல் புல் பிடிக்கவைக்கும் வேலைக்குக் கூலி, குப்பை அள்ளும் ஆளுக்குச் சம்பளம். சீகையை அவசரப்பட்டு மொட்டையாக வெட்டிவிட்டுப் போனால் அந்த மண்ணும் ஓடைக்குத்தான் வரும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தூண்டில்காரருக்கும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். பின்னோக்கிய சிறுமுள் இல்லாத தூண்டில் முள்ளையே பயன்படுத்த வேண்டும். இல்லையேல் இடுக்கியால் அச்சிறுமுள்ளை நசுக்கிவிட்டால் போதும், மீனின் வாயைக் கிழிக்காமல் ஒரு திருப்பில் கழற்றலாம். விடப்போகும் மீனைக் காய்ந்த கையால் தொடக்கூடாது. மீனின் மேலுள்ள வழுவழுப்பு அதன் தோலைக் காக்கும் கவசம், காய்ந்த கையும் துணியும் அதை வழித்தெடுத்துவிடும். தங்கள் கட்டுரைக்கு இட்டிருந்த படத்தில் ஒருவர் துண்டைச் சுற்றி மீனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். கீழே "பிடித்து விடுவிக்கிறார்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த மீன் விடுபட்டிருக்கும், பிழைத்திருக்குமா என்பது ஐயம். நீர் சூடேறிய நண்பகலில் தூண்டிலே போடக்கூடாது. அறுந்த நரம்பைக் கரையில் எறிவது இன்னொரு பாவம்: எங்கள் ஓடைகளில் சிறு நீர்நாய்கள் உண்டு, நைலான் நரம்பு அவற்றின் காலில் சுற்றினால் அவிழ்த்துவிட ஆளில்லை.

இவையெல்லாம் நாகரிகமான தூண்டில்காரருக்கு. உண்மையான கேடு செய்பவர்கள் வேறு. கீழ்மலை ஆறுகளில் தோட்டா வெடித்தும், பிளீச்சிங் பவுடரையும் மயில்துத்தத்தையும் கொட்டியும் மீன் பிடிப்பவர்கள் ஒரே நாளில் ஒரு மடுவின் குஞ்சு, முட்டை, பூச்சி அத்தனையையும் கொன்றுவிடுகிறார்கள். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. 125 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சட்டம் ஆற்றங்கரை வரை நடந்து வரவில்லை. ஆற்றோரத்தில் பொறுப்போடு உட்கார்ந்திருக்கும் உரிமம் பெற்ற தூண்டில்காரர் ஒருவர் இருந்தாலே இத்தகையோர் அங்கு வரத் தயங்குவார்கள் என்பது என் அனுபவம். தூண்டிலை முற்றாகத் தடை செய்ய வேண்டும் என்று சொல்லும் நண்பர்களோடு நான் மாறுபடும் இடம் இதுதான்.

இது நீலகிரிக்காரர்களின் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று சமவெளி வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அவலாஞ்சி, எமரால்டு ஓடைகளின் நீர் குந்தா வழியாகப் பவானியைச் சேர்கிறது. கோவை மாநகர் குடிக்கும் பில்லூர் அணை நீரில் எங்கள் ஓடைகளுக்குப் பங்குண்டு; அதற்கும் கீழே பவானிசாகர், அதன்பின் ஈரோட்டுப் பக்கத்து வயல்கள். டிரவுட் முட்டையை மூச்சுமுட்ட வைக்கும் சேறுதான் அணைகளின் அடியிலும் போய்ப் படிகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீலகிரியில் இத்தனை ஆண்டுகள் உரிமம் பெற்றுத் தூண்டில் போட்டவர்களில் பலர் எந்த ஓடையில், எந்த நாளில், எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்று குறித்து வைத்திருப்பார்கள். காவிரியில் குறிப்பேடுகள் என்ன வெளிப்படுத்தின என்பதைப் பார்த்தோம். எங்கள் ஓடைகளுக்கும் அப்படி ஒரு கணக்குத் திரட்ட முடியும். பரணில் கிடக்கும் பழைய சீட்டுகளையும் நாட்குறிப்புகளையும் எடுத்துத் தருமாறு தங்கள் நாளிதழ் ஓர் அறிவிப்பு வெளியிட்டால், ஊட்டியிலோ கோவையிலோ உள்ள ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையிடம் அவற்றைச் சேர்ப்பிக்கலாம். என் தந்தை உரிமச் சீட்டுகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள் என்னிடம் பதினான்கு உள்ளன. எழுத்து மங்கிவிட்டது, ஆனால் படிக்க முடிகிறது. மீன் கிடைக்காத நாள்களையும் அவர் விடாமல் எழுதியிருக்கிறார். முதல் ஆளாக நானே அவற்றைத் தரத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மஞ்சூர், நீலகிரி மாவட்டம்.